முடி இருக்கிறது, அடி இல்லை

தோற்றம்: 15.2.1808
மறைவு: 8.3.1966

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிப்பதென்றால் இந்த இரண்டு வரிகளுக்கு மேல் ஒரு படம் வேண்டும். மறைந்தவர் மனிதர் இல்லை. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், நகரின் மிக அகலமான தெருவின் நடுவே 134 அடி உயரம் நின்ற நெல்சன் தூண். படத்துக்குப் பஞ்சமில்லை. செப்புத் தகட்டு அச்சு, நிறமேற்றிய புகைப்பட அச்சு, தபால் அட்டை என்று ஒவ்வொரு காலமும் தன் கையிலிருந்த தொழில்நுட்பத்தில் அதைப் பதித்து வைத்திருக்கிறது. இவற்றில் நான் எடுத்துக்கொள்வது பழைய படம் ஒன்றை: சாமுவேல் ஃபிரெடரிக் ப்ரோக்கஸ் வரைய, அவருடைய தம்பி ஹென்றி தகட்டில் செதுக்க, 1818-இல் தொடங்கி வெளிவந்த டப்ளின் காட்சிகள் வரிசையில் ஒன்று. கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள்.

சாலை அகலமாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த பொது அஞ்சலகம், முகப்பில் வரிசையாகத் தூண்கள். சாலை நடுவே, துணைக்கு யாருமின்றி, நெல்சன் தூண். அதன் அடியில் குதிரை வண்டிகளும் நடந்து போகிற ஜனங்களும். உச்சியில் இருக்கும் மாவீரர் அரிசிமணி அளவு. முகம் கிடையாது; அந்த அளவில் முகம் வரைய இடமும் கிடையாது. யாருக்காகத் தூண் எழுந்ததோ அவர் ஒரு புள்ளி. யாரைக் கேட்காமல் எழுந்ததோ அந்த யாரோக்களுக்குக் கையும் காலும் தொப்பியும் இருக்கின்றன.

தூண் என்றதும் நமக்கு அடிமுடி தேடிய கதை நினைவுக்கு வரும். அந்த நெருப்புத் தூணுக்கு இரண்டு முனையும் அகப்படவில்லை. டப்ளின் தூணுக்கு இரண்டும் நன்றாகத் தெரிந்தன. தெரிந்ததுதான் வம்பு. முடி ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது, அடி வேறொருவருக்கு. முடியின் மீதிருந்த கோபத்தில் ஒருநாள் அடியும் போயிற்று. இந்த இரங்கல் அந்த அடிக்கு.

1805 அக்டோபர் 21 அன்று ட்ரஃபால்கர் முனைக்கு அருகே பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளை முறியடித்த அதே நாளில், தன் கப்பலிலேயே குண்டடிபட்டு இறந்தார் பிரிட்டிஷ் தளபதி ஹொரேஷியோ நெல்சன். வயது 47. ஒரு கண்ணின் பார்வையும் வலக்கையும் முந்தைய போர்களிலேயே போய்விட்டன. நம் பக்கத்துக்கும் அவர் அந்நியரில்லை. பதினைந்து வயதில் ‘ஸீஹார்ஸ்’ என்ற போர்க்கப்பலில் சென்னைப்பட்டினம் வந்து இறங்கிய பையன் அவர். அவர் கண்ட முதல் சண்டையே 1775-இல் ஹைதர் அலியின் கப்பல்களோடுதான். பிறகு மலேரியாவில் நொந்து, எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார்.

வெற்றிச் செய்தி நவம்பரில் டப்ளினை எட்டியபோது ஊர் விளக்கேற்றிக் கொண்டாடியது. அதில் பாசாங்கு மட்டுமே இருந்தது என்று சொல்ல முடியாது. அந்தப் படையில் ஐரிஷ் மாலுமிகளும் ஏராளம். கடல்வழி பாதுகாப்பானால் வணிகருக்கு லாபம். வணிகரும் வங்கிக்காரரும் பணம் திரட்டினார்கள். கின்னஸ் மது ஆலையை நிறுவியவரின் மகனும் குழுவில் இருந்தார். கணக்கு முடிந்தபோது செலவு 6,856 பவுண்டு. 1808 பிப்ரவரி 15 அன்று வைஸ்ராய் ரிச்மண்ட் கோமகன் அடிக்கல் நாட்டினார். நெல்சனுக்குப் பேர் வாங்கித் தந்த செயின்ட் வின்சென்ட் முனைப் போரின் ஆண்டுநாள் பிப்ரவரி 14. அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையாகப் போனதால் ஒருநாள் தள்ளிவைத்தார்கள். 1809 அக்டோபர் 21, ட்ரஃபால்கர் நாளில் திறப்பு. லண்டன் தன் நெல்சனைத் தூணில் ஏற்ற இன்னும் 34 ஆண்டுகள் ஆயின.

மூல வடிவம் வில்லியம் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. அதைத் திருத்திக் கட்டி முடித்தவர் ஃபிரான்சிஸ் ஜான்ஸ்டன். பக்கத்து அஞ்சலகத்தையும் பிறகு அவரே கட்டினார். அச்சுப்படத்தில் இரண்டும் அவ்வளவு பொருத்தமாக நிற்பது தற்செயல் இல்லை. உள்ளே கருஞ்சுண்ணாம்புக் கல், வெளியே விக்லோ மலைக் கருங்கல். பீடத்தின் நான்கு பக்கமும் நான்கு போர்களின் பெயர்கள். தாமஸ் கர்க் போர்ட்லண்ட் கல்லில் செதுக்கிய 13 அடிச் சிலை உச்சியில். தண்டின் வயிற்றுக்குள் சுழன்று ஏறும் 168 படிகள், அவை முடியுமிடத்தில் சிலையின் காலடியைச் சுற்றி ஒரு மேடை.

பிறந்த அன்றே பிறவிக்குறை சொன்னவர்களும் உண்டு. 1801 முதல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டிருந்தது. டப்ளின் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, அதன் கட்டடத்தை ஒரு வங்கி வாங்கியிருந்தது. சுதந்திரத்தைக் காசுக்கு விற்ற ஊரில் அடுத்தவன் வீரத்துக்குச் சிலையா என்று 1809-லேயே வால்டர் காக்ஸ் தன் பத்திரிகையில் கசந்து எழுதினார். ஆக, 157 ஆண்டுகள் கழித்து வைத்த வெடிமருந்தின் முதல் சிட்டிகை திறப்புவிழாவிலேயே விழுந்துவிட்டது.

ஆனால் கல்லுக்கு அரசியல் தெரியாது; தெருவுக்கு வசதி தெரியும். நட்டநடுவில், எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற உயரத்தில் ஒன்று நின்றால் அது யாருடையது என்று எத்தனை நாளைக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? நெல்சன் என்ற பெயர் பேச்சிலிருந்து மெல்ல உதிர்ந்தது. வெறும் ‘தூண்’ என்றாலே போதும். தூணடியில் சந்திப்போம். தூணுக்கு ஒரு டிக்கெட். தூணைத் தாண்டி வலப்பக்கம். டிராம் வண்டிகள் வந்தபோது அங்கிருந்தே புறப்பட்டன. நகரத் தடங்கள் பலவற்றுக்கும் அதுவே முதலும் முடிவும். 1949 ஜூலையில் நகரின் கடைசி டிராம் ஓடி ஓய்ந்த பிறகு பேருந்துகளின் பெயர்ப்பலகையில் தூண் தொடர்ந்தது. காதலிக்காக ஒருவன் கடிகாரம் பார்த்துக்கொண்டு நின்றது, கிராமத்திலிருந்து வந்தவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உறவினருக்குக் காத்திருந்தது, பூக்காரிகள் கூடையைப் பரப்பி உட்கார்ந்து விலை சொன்னது, எல்லாம் அந்த அடியில்தான். பூ விற்ற பெண்கள் தலைக்கு மேல் நின்ற ஆங்கிலேயரை அண்ணாந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். மழைக்கு அவர் உதவமாட்டார். பீடத்தின் ஓரம் கொஞ்சம் காற்று மறைக்கும்.

காசு கொடுத்தால் மேலே ஏறலாம். ஆரம்பத்தில் கட்டணம் பத்துப் பென்னி, அன்றைக்கு அது சின்னத் தொகையில்லை. நூறு ஆண்டில் அது சாதாரண ஜனங்களுக்கும் எட்டும் அளவுக்கு இறங்கியிருந்தது. 168 படி ஏறி மூச்சுவாங்கி நின்றால் லிஃபி ஆறு, வளைகுடா, தெற்கே விக்லோ மலைகள், காலடியில் கூரைகளும் புகைபோக்கிகளும். மாளிகையும் மாடிவீடும் இல்லாதவர்களுக்குத் தங்கள் ஊரை ஒரே பார்வையில் காட்டிய ஒரே மொட்டைமாடி அது.

இதை முழுசாகப் புரிந்துகொண்ட எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1922-இல் வெளியான ‘யுலிசிஸ்’ நாவலில் தூணைச் சுற்றி ஒரு குட்டிக்கதை வருகிறது. முதிர்ந்த பெண்கள் இருவர், உண்டியல் சேமிப்பை உடைத்துக்கொண்டு ஊரை உயரத்திலிருந்து பார்க்கக் கிளம்புகிறார்கள். வழியில் தின்ன ரொட்டியும் இறைச்சியும், தூணடியில் ஒரு பெண்ணிடம் இருபத்துநாலு பிளம் பழங்களும் வாங்குகிறார்கள். ஒருவரையொருவர் ஊக்கி, இருட்டுக்குப் பயந்து, சாமியைக் கூப்பிட்டு ஒருவழியாக மேலே வந்தால், கீழே பார்க்கத் தலைசுற்றுகிறது, மேலே சிலையைப் பார்க்கக் கழுத்து வலிக்கிறது. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து பழத்தைத் தின்று கொட்டைகளைக் கிராதி வழியே கீழே துப்புகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஏகாதிபத்தியச் சின்னத்தின் உச்சியில் டப்ளின் கிழவிகள் செய்தது பழக்கொட்டை துப்பியது. அந்தத் தூணுக்கும் அந்த ஊருக்கும் இருந்த உறவை இதைவிடக் கச்சிதமாக ஒருவரும் எழுதவில்லை.

தெருவின் பிற குடித்தனக்காரர்களையும் சொல்ல வேண்டும். 1882-இல் தென்முனையில் டேனியல் ஓகானல் சிலை வந்தது, 1911-இல் வடமுனையில் பார்னெல் நினைவுச்சின்னம். இருவரும் ஐரிஷ் தேசியத் தலைவர்கள், நடுவில் ஆங்கிலேயர். மூவரின் சொந்த வாழ்க்கை பற்றியும் ஊரில் வம்பு உண்டு என்பதால், ஒரே தெருவில் மூன்று ஒழுக்கசீலர்கள் என்று டப்ளின்காரர்கள் கண்சிமிட்டிக்கொண்டார்கள்.

1916 ஈஸ்டர் திங்களன்று, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்காரர்கள் அதே அஞ்சலகத்தைத் தலைமையகமாக்கினார்கள். கட்டடத்தின் வாசலில், தூணின் நிழல் எட்டும் தூரத்தில், பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். பிரிட்டிஷ் குதிரைப்படை தெருவில் இறங்கி வந்து தூணை நெருங்கியபோது அஞ்சலகத்திலிருந்து சுட்டார்கள். வாரக் கடைசிக்குள் பீரங்கியும் நெருப்புமாகத் தெருவின் கீழ்ப்பாதி சாம்பல். அஞ்சலகம் ஓடு பெயர்ந்து வெறும் கூடாக நின்றது. தூண் தோட்டாத் தழும்புகளோடு தப்பியது. அந்த இடிபாடுகளைத் தபால் அட்டைகளாக அச்சடித்து விற்றார்கள். நாற்புறமும் செங்கல் குவியல், நடுவே சாயாத தூண். ஒரே ஊரை இரண்டு முறை பதித்த இரண்டு அச்சுகளிலும் மாறாத பொருள் அது ஒன்றே.

அதே தீயில் இன்னொன்றும் போனது. அஞ்சலகத்துக்கு எதிரே வில்லியம் லாரன்ஸின் புகைப்படக் கடை இருந்தது. அவருக்காக ராபர்ட் ஃப்ரெஞ்ச் என்பவர் நாடு முழுதும் சுற்றி எடுத்த காட்சிகள் அயர்லாந்தின் வீட்டுச் சுவர்களில் தொங்கின. கலவரத்தில் கடை சூறையாடப்பட்டு எரிந்தது. மனிதர் முகங்களைப் பிடித்த கண்ணாடித் தகடுகள் அழிந்தன. ஊர்க்காட்சித் தகடுகள் வேறிடத்தில் இருந்ததால் பிழைத்தன. ஏறக்குறைய 40,000 தகடுகள் இன்று அயர்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. வாசலில் தினம் நின்ற தூணை அவர்கள் எத்தனை முறை எடுத்திருப்பார்கள்! முகங்கள் எரிந்துபோயின, தூண் தங்கிவிட்டது.

சுதந்திரம் வந்தது. 1924-இல் தெருவின் பெயர் சாக்வில் என்பதிலிருந்து ஓகானல் என்று மாறியது. பழைய எஜமானர்களின் சிலைகள் ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்க்கப்பட்டன. மூன்றாம் வில்லியத்தின் சிலை 1928-இல் வெடித்தது, இரண்டாம் ஜார்ஜ் 1937-இல், ஃபீனிக்ஸ் பூங்காவில் குதிரைமேல் இருந்த தளபதி கௌ 1957-இல். விக்டோரியா மகாராணியை 1948-இல் மரியாதையாக இறக்கி ஓரங்கட்டினார்கள். பல வருஷம் கழித்து அவர் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார். நெல்சனை மட்டும் அசைக்க முடியவில்லை.

காரணம் சட்டம். தூண் மாநகராட்சிக்குச் சொந்தமில்லை. ஓர் அறக்கட்டளையின் பொறுப்பு. அறங்காவலர்கள் அதைப் பேணிக் காக்கக் கடமைப்பட்டவர்கள்; இடிக்க அவர்களுக்கே அதிகாரமில்லை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1891-இல் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா கரையேறவில்லை. பிறகு மாநகராட்சியும் அகற்றத் தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாகவே கிடந்தது. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ், அப்போது செனட்டர், 1923-இல் தூணை வேறிடத்துக்கு மாற்றலாம், உடைக்க வேண்டாம் என்றார். அதை அழகு என்று அவர் வாதாடவில்லை. அதை எழுப்பியவர்களும் இந்த ஊர் வரலாற்றில் ஒரு பகுதிதானே என்பது அவர் கட்சி.

1955 அக்டோபரில் கல்லூரி மாணவர் சிலர் உள்ளே புகுந்து தாழிட்டுக்கொண்டார்கள். கையில் தீ உமிழும் கருவிகள். திட்டம், சிலையை உருக்குவது. கல் உருகுமா என்று கேட்கிற அளவுக்கு யாரும் வேதியியல் படித்திருக்கவில்லை போலும். 1920-இல் தூக்கிலிடப்பட்ட இளம் போராளி கெவின் பேரியின் படத்தை மேலிருந்து தொங்கவிட்டார்கள். காவலர்கள் கதவை உடைத்து ஏறினார்கள். கீழே திரண்ட கூட்டம் மாணவர் பக்கம். வழக்கு எதுவும் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள்.

ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு நாடு தயாராகிக்கொண்டிருந்த 1966-இல், மார்ச் 8 அதிகாலை ஒன்றரை மணியளவில் குண்டு வெடித்தது. தண்டின் மேற்பாதி பெயர்ந்து சிலையோடு தெருவில் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஒரு வாடகைக் கார் நசுங்கியது, ஓட்டுநர் தப்பினார். விடிந்ததும் ஜனங்கள் திரண்டு வந்து ஆளுக்கொரு கல் பொறுக்கிக்கொண்டு போனார்கள். எஞ்சி நின்ற மொட்டைத் தண்டை மார்ச் 14 அன்று ராணுவப் பொறியாளர்கள் வெடிவைத்து வீழ்த்தினார்கள். அதில் சுற்றுவட்டாரக் கண்ணாடிகள் சில்லுசில்லாயின. குண்டு வைத்தவன் செய்ததைவிட அரசாங்கம் செய்த சேதம் அதிகம் என்று ஊர் சிரித்தது. யார்மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. 2000-ஆம் ஆண்டில் லியாம் சட்க்ளிஃப் என்ற முன்னாள் போராளி, வைத்தது நான்தான் என்று வானொலியில் சொன்னார்.

துக்க வீட்டில் பாட்டும் கும்மாளமும் ஐரிஷ் வழக்கம். இந்தச் சாவிலும் குறைவில்லை. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர் பாடிய ‘அப் வென்ட் நெல்சன்’ என்ற பாட்டு எட்டு வாரம் விற்பனையில் முதலிடம் பிடித்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் டி வலேரா, 1916 கிளர்ச்சியில் படைத்தலைவராக இருந்தவர், ஒரு பத்திரிகைக்குத் தொலைபேசி போட்டு, பிரிட்டிஷ் தளபதி வான்வழியாக டப்ளினை விட்டுப் புறப்பட்டார் என்று தலைப்பு போடச் சொன்னதாக ஒரு கதை இன்னும் உலவுகிறது.

பிறகு தொடங்கியது தலையின் யாத்திரை. மாநகராட்சிக் கிடங்கில் கிடந்த நெல்சன் தலையைக் கலைக்கல்லூரி மாணவர்கள் சில நாட்களிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். மாணவர் சங்கத்துக்குக் கடன். தலையை வாடகைக்கு விட்டு அடைத்தார்கள். கில்லினி கடற்கரையில் ஆடை விளம்பரப் படப்பிடிப்பில் அது தலை காட்டியது. ஒலிம்பியா அரங்கில் கச்சேரி மேடை ஏறியது. லண்டனுக்குக் கப்பலேறிப் பழம்பொருள் கடை ஒன்றின் கண்ணாடிச் சாளரத்தில் உட்கார்ந்தது. செப்டம்பரில் ஊர் திரும்பியது. இப்போது பியர்ஸ் தெருவில் உள்ள நகர நூலகத்தின் வாசிப்பறையில் இருக்கிறது. மூக்கும் முகமும் சிதைந்திருந்தாலும் யாரென்று தெரிகிறது. அந்தத் தெருவுக்குப் பெயர் 1916-இல் பிரகடனம் வாசித்த பியர்ஸின் பெயர் என்பது காலத்தின் நக்கல்.

ஈமச்சடங்கு சட்டப்படி முடிய மூன்று வருஷம் ஆனது. 1969-இல் நெல்சன் தூண் சட்டம் என்றே ஒன்றை நிறைவேற்றி, இல்லாத தூணைக் காத்துவந்த அறக்கட்டளையைக் கலைத்தார்கள். அறங்காவலர்களுக்கு இழப்பீடு 21,170 பவுண்டு. போர்ப் பெயர்கள் பொறித்த பீடக் கற்கள் கில்கெனி நகரில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மற்றதெல்லாம் குப்பைமேட்டில்.

சிலை விழுந்ததற்காக அழ எனக்குக் காரணம் இல்லை. அடிமைப்பட்ட ஊரின் நடுமுதுகில் ஆண்டவனின் தளபதியை ஏற்றி வைத்தால் ஒருநாள் முதுகு சிலிர்க்கும். பட்டவர்களின் கோபத்துக்கு வெளியூர்க்காரன் உரை எழுத வேண்டியதில்லை. ஆனால் உச்சியில் இருந்தவரை மட்டும் இறக்கியிருக்கலாமே என்று அப்போதும் கேட்டார்கள். வேறொருவரை ஏற்று, யாரையும் ஏற்றாதே, வெறும் மேடையாக விடு என்று எத்தனையோ யோசனைகள் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டே வந்தன. குண்டுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. அது நெல்சனைத் தேடி வந்தது. போகிறபோது பூக்காரிகளின் ஓரத்தையும், காத்திருந்தவர்களின் மூலையையும், கிழவிகளின் மொட்டைமாடியையும் சேர்த்துக்கொண்டு போயிற்று.

அந்த இடம் பல வருஷம் வெறுமையாகக் கிடந்தது. 1988-இல் லிஃபி ஆற்றைப் பெண்ணுருவாக்கிய ஒரு நீரூற்று வந்தது. 2001-இல் அதுவும் அகற்றப்பட்டது. 2003 ஜனவரியில் அதே இடத்தில் 120 மீட்டர் உயர எஃகு ஊசி ஒன்று எழுந்து முடிந்தது. தூணைப்போல் மூன்று மடங்கு உயரம், உச்சியில் யாரும் இல்லை. யாருக்கும் நினைவுச்சின்னமில்லை என்பதால் யாருக்கும் கோபமும் இல்லை. இப்போது அதனடியில்தான் ஜனங்கள் சந்தித்துக்கொள்கிறார்கள். வெட்டின மரம் வேரில் துளிர்ப்பதுபோல் அடி மறுபடி முளைத்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் அந்த ஊசிக்குள் ஏறிப் பார்க்க வழி இல்லை. பழக்கூடையோடு வருகிற இரண்டு கிழவிகளுக்கு அதனுள் வேலை இல்லை.

அச்சுப்படத்துக்குத் திரும்புகிறேன். அதில் அடி பத்திரமாக இருக்கிறது: வண்டிகள், நடைபாதைக்காரர்கள், இருநூறு வருஷமாக யாருக்கோ காத்திருப்பவர்கள். முடிக்கு முகம் இல்லை. பியர்ஸ் தெரு நூலகத்தில் முகம் மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. படத்தையும் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தூணின் இரு முனைகளும் கிடைத்துவிடும். இடையில் இருந்த 168 படிகள்தான் எங்கும் இல்லை.